கல்லில் யார் பேர்: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நாலு நாள்

2025 ஜனவரி 24, வெள்ளி. தர்மபுரி

தொப்பூர் கணவாயில் வெங்காய லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பஸ் ஒன்றே முக்கால் மணி நேரம் நகரவில்லை. முன்சீட்டு அம்மா இறங்கிப் போய் மடி நிறைய வெங்காயத்தோடு திரும்பினார். கண்டக்டர் முறைத்ததும் அவருக்கு ஒரு கை, எனக்கும் மாமாவுக்கும் ஆளுக்கு ரெண்டு கொடுத்து ஊரையே கூட்டாளியாக்கிவிட்டார். மாமா வெங்காயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எண்பத்தி நாலுலயும் இதே வளைவுலதாம்மா கவுந்துச்சு. அப்ப புளி."

மாமா என் மாமனார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 83லிருந்து மூணு வருஷம் தர்மபுரியில் வேலை. அப்போது கூட வேலை பார்த்தவர் காவேரிப்பட்டணம் பக்கம் வீடு கட்டி, ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா வைத்திருக்கிறார். மாமாவுக்கு முட்டி வலி, தனியாக அனுப்ப முடியாது. என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் ஆடிட். நான் பள்ளிக்கூட ஓவிய டீச்சர், லீவு கேட்டால் யாரும் கலங்கமாட்டார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள், சண்டையில் செத்த வீரனுக்காக நட்ட கற்கள், நிறைய இருக்கின்றன என்ற ஆசையில் சரி என்றேன்.

அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. எதிர் டீக்கடைக்காரர் கேட்காமலே சொன்னார்: "வெள்ளிக்கிழமை லீவுங்க." இந்த மாதிரி மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிதான் விடுமுறை. எனக்கும் தெரியும். கிளம்புகிற அவசரத்தில் என்ன கிழமை என்றே யோசிக்கவில்லை. டீ 12 ரூபாய். சில்லறை இல்லை என்றதும் "நாளைக்கு வருவீங்கல்ல, அப்பக் குடுங்க" என்றார். கும்பகோணத்தில் என்னை இருபது வருஷமாகத் தெரிந்த கடைக்காரர்கூட இப்படிச் சொன்னதில்லை.

கோட்டைக் கோயிலுக்குப் போனோம். மல்லிகார்ஜுனேசுவரர், பக்கத்திலேயே காமாட்சியம்மன். வருகிறவர்கள் எல்லாரும் தொங்கும் தூணைத்தான் முதலில் கேட்கிறார்கள். தரையில் முட்டாமல் நூலளவு இடைவெளி. விளக்கு போட வந்திருந்த ஒரு பெண் தன் துப்பட்டா நுனியை ஒருபக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்துக் காட்டினார். மாமா குனிய முடியாமல் குனிந்து பார்த்துவிட்டு, "எர்த் ஆகாத போஸ்ட்டு" என்றார்.

இந்த இடத்தில் என் வாக்குமூலம். கவின் கலைக் கல்லூரியில் படித்தபோது எங்கள் வகுப்பில் கட்சிகள் இருந்தன. வான்கோ கட்சி, பிக்காசோ கட்சி, எதையும் ஒத்துக்கொள்ளாத கட்சி. நான் சோழக் கட்சி. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார், 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காளைமேல் சாய்ந்த கை மட்டும் இருக்கிறது, காளை இல்லை. அந்தக் கையின் வளைவுக்கு முன்னால் உலகத்தில் வேறு எதுவும் நிற்காது என்று சத்தியம் செய்திருக்கிறேன். எனக்குப் பல்லவர் இரண்டாவது. ஹொய்சளர் வேலைப்பாடு நகைக்கடை மாதிரி. மாவுக்கல் இளகலாக இருந்தால் எதைத்தான் செதுக்க முடியாது? நாயக்கர் காலம் ஆகவே ஆகாது. தூணுக்குத் தூண் யாளி, குதிரை, கூட்டம், இரைச்சல்.

மாமாவின் கட்சி ரவிவர்மா. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் போட்டதால்தான் ஏழை வீட்டுச் சுவருக்கும் லட்சுமி வந்தாள் என்பார். அவருக்கு அடுத்து, காலண்டர் சாமிப் படம் வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜு. "சாமின்னா மூஞ்சி தெரியணும்மா. உன் வெண்கலம்லாம் எண்ணெய் எறங்கி, யாரு எவருன்னே தெரியலை." பத்து வருஷமாக ஒரே வீட்டில் இந்தச் சண்டை.

காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாக ஓடுகின்றன. கட்டைவிரல் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் கதை பிடிபடுகிறது. மல்லிகார்ஜுனேசுவரர் கோயில் நுளம்பர் என்ற அரச வம்சத்தின் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில். நுளம்பர் தலைநகர் ஹேமாவதி, இன்றைய ஆந்திராவில். சோழர்கள் படையெடுத்துப் போய் அங்கிருந்து தூண்களைப் பெயர்த்து வந்து திருவையாற்றில் நட்டார்கள். அங்கே ஐயாறப்பர் கோயிலில், தென்கயிலாயம் என்ற சன்னதியின் சுற்று மண்டபத்தில் இருப்பவை அவைதான். எனக்கு அம்மா வீடு திருவையாறு. அந்தத் தூண்களில்தான் முதுகைச் சாய்த்துப் புளியோதரை தின்றிருக்கிறேன். கல்லூரியில் முதல் ஸ்கெட்ச் நோட்டில் வரைந்ததும் அவற்றைத்தான், கீழே 'சோழர் கலை' என்று எழுதி. நுளம்பர் தூண் என்று எப்போதோ படித்தது, மண்டையில் ஏறவில்லை. இங்கே அதே சாயலில் தூண்கள் தங்கள் சொந்த ஊரில் நிற்பதைப் பார்த்தபோதுதான் ஏறியது. நான் சோழக் கட்சியில் சேர்ந்ததே கொள்ளைப் பொருளைப் பார்த்துத்தான்.

மாமாவிடம் சொன்னேன். "அப்ப நீ நுளம்பர் கட்சியா?" என்றார். பதில் சொல்லவில்லை.

ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ். மாமா சாப்பிட்ட பழைய மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கேழ்வரகுக் களி ஒரு உருண்டை, நாட்டுக்கோழிக் குழம்பு, கீரைக் கடைசல், மோர், 110 ரூபாய். டெல்டாக்காரி நான், களியை மென்றேன். பரிமாறிய அம்மா தாங்க முடியாமல் வந்து நின்றார். "மெல்லாதீங்க கண்ணு, பல்லுல ஒட்டிக்கும். குழம்புல பொரட்டி முழுங்கணும்." நாலாவது வாயில்தான் இறங்கியது. அதற்குள் இன்னொரு உருண்டை வைத்துவிட்டார், காசு சேர்க்கவில்லை.

ஜனவரி 25, சனி. தர்மபுரி, அதியமான்கோட்டை

காலையில் பனி. லாட்ஜில் வெந்நீர் ஆறரை வரைக்கும்தான், நான் எழுந்தது ஆறே முக்கால். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

டீ பாக்கியைக் கொடுத்துவிட்டு அருங்காட்சியகம் போனோம்.

நடுகல்லைப் படத்தில் பார்ப்பது வேறு. நேரில் அது ஒரு ஆள் மாதிரி நிற்கிறது. கரடுமுரடான பலகைக்கல், சிலவற்றில் பக்கங்களைக்கூடச் செதுக்கவில்லை. நடுவில் ஒருத்தன். ஒரு முட்டி மடங்கியிருக்கிறது, இடது கையில் வில், வலது கையில் கத்தி, கொண்டை ஒருபக்கம் சரிந்திருக்கிறது. உடலில் அம்பு தைத்திருக்கிறது. காலடியில் மாடு. மேலே வட்டெழுத்து. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறுவை யார் கவர்ந்தார்கள், மீட்கப் போய்ப் பட்டவன் யார். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். பல்லவர் காலக் கற்களில் செய்தி இவ்வளவுதான், புகழ்ச்சி கிடையாது. பிற்காலக் கற்களில் அடுக்கு வந்துவிடுகிறது. கீழே சண்டை, நடுவில் தேவமாதர் இருபுறமும் தாங்கிக்கொண்டு போகிறார்கள், உச்சியில் லிங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வேலைப்பாடும் கூடுகிறது. எனக்கு முதல் வகைதான் பிடித்தது. அதில் அவனை யாரும் எங்கேயும் தூக்கிப் போகவில்லை, விழுந்த இடத்திலேயே நிற்கிறான்.

ஓவிய டீச்சர் கண்ணால் பார்த்தால் இதில் தப்பு கணக்கில்லாமல் இருக்கிறது. தலை பெரிது, தோள் ஒருபக்கம் தூக்கல், கால் பக்கவாட்டில் இருக்க மார்பு நேரே பார்க்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் வரைந்து வந்தால் சிவப்பு மையில் திருத்துவேன். ஒரு கல் முன்னால் முக்கால் மணி நேரம் நின்று வரைந்து பார்த்தேன். திருத்தி வரைந்தால் ஆள் செத்துப் போகிறான். மறுபடி செத்துப் போகிறான் என்று சொல்ல வேண்டும். அந்தத் தூக்கிய தோளில்தான் அவன் அம்பை வாங்கிக்கொண்டு நிற்கிற பாரம் இருக்கிறது.

மாமா உட்கார்ந்தே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இவனுக்கு மூஞ்சியே இல்லை" என்றார். தேய்ந்துபோயிருந்தது. சண்டைக்குத் தயாரானேன். அவர் தொடர்ந்தார்: "ஆனா அம்பை எண்ணலாம். அஞ்சு."

ஔவையார் இந்த மண்ணில்தான் அதியமானுக்காக அழுதார். அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் வார்க்கிறார்கள், மலையோடு நாட்டைக் கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்குவானா என்று கேட்கிற புறநானூற்றுப் பாட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். சின்னக் கலம் என்பது எவ்வளவு சின்னதென்று அப்போது தோன்றியதில்லை. இந்தக் கல்லுக்கு முன்னால் வைத்தால் அது எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் கண்ணால் அளந்தேன்.

இன்னொன்றும் ஓடியது. ஹொய்சளச் சிற்பி சிலைக்கு அடியில் தன் பேரை வெட்டிவைப்பான். மல்லிதம்மா, தாசோஜா என்று இன்றைக்கும் தெரியும். பெரிய கோயில் கல்வெட்டில் செப்புத் திருமேனி ஒவ்வொன்றுக்கும் உயரம் இத்தனை விரல், கொடுத்தவர் இன்னார் என்று இருக்கும். செய்தவன் பேர் இருக்காது. நடுகல்லில் இருப்பது செத்தவன் பேர். செதுக்கியவனும் இல்லை, காசு கொடுத்தவனும் முக்கியமில்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் நாய்க்குக்கூடப் பேர் இருக்கிறது, கோவிவன். எசமானோடு நின்று காவல் காத்த நாய். அதே மகேந்திரன் வெட்டிய குடைவரைகளை எத்தனை முறை போய்ப் பார்த்திருக்கிறேன். அவன் காலத்து நாயை ஒருமுறைகூடப் பார்க்கப் போகவில்லை.

சாயங்காலம் அதியமான்கோட்டை. ஆட்டோ போக வர 350, காத்திருப்புக்குத் தனி என்றார். கடைசியில் அவரே உள்ளே வந்து எங்களோடு அண்ணாந்து பார்த்ததால் காத்திருப்புக் காசு வாங்கவில்லை.

சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானம் முழுக்க ஓவியம். ராமாயணம், மகாபாரதம், பட்டை பட்டையாக. விஜயநகர, நாயக்கர் பாணி: சிவப்புத் தளம், பக்கவாட்டு முகம், கூர் மூக்கு. அதாவது எனக்கு ஆகாத ஆட்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின்மேல் பூசி வரைந்தவர்கள் நாயக்கர்கள். 1931இல்தான் அடியில் சோழர் ஓவியம் இருப்பது வெளியே வந்தது. பிறகு தொல்லியல் துறை மேல் ஓவியத்தை உரித்தெடுத்துத் தனிப்பலகையில் ஒட்டி அடி ஓவியத்தை மீட்டது. நான் எப்போதும் உரிக்கிற பக்கம்.

இங்கே சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்த இடங்களில் வெறும் கல் தெரிகிறது. அடியில் சோழன் இல்லை, யாரும் இல்லை. போனால் இது மட்டும்தான் போகும். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். புகை படிந்த மூலையில் ஒரு படைவரிசை. எல்லாருக்கும் ஒரே முகம், ஆனால் கால்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு தாளத்தில். நாயக்கர் காலத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். யாளித் தூண் இன்னும் பிடிக்கவில்லை. இந்தக் கால்கள் பிடித்தன.

மாமா ஆட்டோக்காரரிடம், "மூஞ்சி எல்லாம் பளிச்சுன்னு இருக்கு பாருங்க" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

ஜனவரி 26, ஞாயிறு. காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி

புதுமனை புகுவிழா ஆறு மணிக்கு. பனியில் முன்னால் போகிற பைக் தெரியவில்லை. மாமாவும் அவர் நண்பரும் முப்பத்தொன்பது வருஷம் கழித்துப் பார்க்கிறார்கள். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நண்பர் கேட்ட முதல் கேள்வி, "இடுப்பு பெல்ட்டு என்னுது ஒண்ணு உன்கிட்ட இருந்துச்சே?" மாமா, "அது அந்து போச்சுப்பா" என்றார். அவ்வளவுதான் உபசாரம்.

சாப்பாட்டில் ஒப்பிட்டு, அதாவது போளி, நெய் ஊற்றி. பிதுக்கம்பருப்புக் குழம்பு. பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுக்கிற பருப்பு, இந்தக் குளிர்காலத்துக்கு மட்டும். முந்தின நாள் சாயங்காலம் தெருப் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்து பிதுக்கினார்களாம். பந்தியில் பக்கத்து இலைப் பாட்டி என்னிடம் தெலுங்கில் பேசினார், நான் தமிழில் பேசினேன், ரெண்டு பேருக்கும் ஒப்பிட்டு இன்னொன்று வந்தது. மாமா மாம்பழம் கேட்டார். கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம் என்று அவருக்கு. ஜனவரியில் பூதான் இருக்கிறது. தோப்பு தோப்பாக மாம்பூ, அந்த வாசனை மட்டும் இலவசம்.

வழியில் ஒரு வேடியப்பன் கோயில். கோயில் என்றால் வேப்பமரம், நாலு கல். வேடியப்பன் ஒரு நடுகல். நேற்றுப் பார்த்த அதே மடங்கிய முட்டி, அதே வில். மஞ்சள், குங்குமம், எண்ணெய் ஏறி ஆள் கறுத்துப் பளபளக்கிறான். வெள்ளியில் கண் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து இருந்த இடமெல்லாம் மஞ்சள் காப்பு. யார் பேரோ, எந்தத் தொறுவோ, இனி யாரும் படிக்க முடியாது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. கும்பிட வந்த அம்மா ஒரு பிடி சர்க்கரைப் பொங்கலை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டியதும் எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. பசி காரணமாகவும் இருக்கலாம், ஒப்பிட்டு சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றாலும்.

அதைத் தாண்டியதும் ரோடு அடைத்திருந்தது. எருதுவிடும் விழா. இரண்டு மணி நேரம் மாந்தோப்பு வேலியோரம் நின்றோம். வெயில் ஏறிவிட்டது. இளநீர் 50 ரூபாய். விழா இல்லாத நாளில் 40 என்று விற்றவரே சொன்னார்.

நான் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. எருதின் கொம்புகளுக்கு நடுவே ஆள் மார்பளவுக்குத் தட்டி கட்டுகிறார்கள். மூங்கில் சட்டம், ஜிகினாத்தாள், கலர் கண்ணாடி, நடுவில் படம்: முருகன், அம்மன், நடிகர், செத்துப்போன அண்ணன். பிள்ளைகள் தட்டியைப் பறிக்கப் பாய்கிறார்கள். ஒரு தட்டியில் ரவிவர்மா சரஸ்வதியேதான், வீணை, மயில், பாறை எல்லாம். அந்த எருது வேலியோரம் எங்களுக்கு மூன்று முழம் தள்ளித் திரும்பியது. சரஸ்வதி நேருக்கு நேர். நான் மாமாவை இழுத்தேன், அவர் நகரவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் ஸ்கெட்ச் நோட்டு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து மிதிபட்டது. ஒரு பையன் எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். சனிக்கிழமை வரைந்த நடுகல் வீரன்மேல் குளம்படி சரியாகப் பதிந்திருந்தது. "ஸாரிக்கா, மாடு" என்றான்.

கிருஷ்ணகிரி அருங்காட்சியகம் குடியரசு தினத்துக்கு மூடியிருந்தது. இந்த முறை எனக்கே சிரிப்பு வந்தது.

ஜனவரி 27, திங்கள். மல்லச்சந்திரம்

மாமாவின் நண்பர் மகன் காரில் கூட்டிப் போனான். கடைசித் தூரம் நடை, பாறை. மாமா அடிவாரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே கல்திட்டைகள். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல், ஒரு பக்கம் வட்டமாகத் துளை. ஊரில் மோரியர் வீடு என்கிறார்கள், பாண்டவர் வீடு என்றும். பெருங்கற்காலத்து ஈமச்சின்னம். சிலவற்றின் உள்பக்கப் பலகையில் வெள்ளை ஓவியங்கள். குனிந்து தலையை நுழைத்தால்தான் தெரிகிறது. கோடு கோடாய் மனிதர்கள், குதிரைமேல் ஒருத்தன். உடம்பு ஒரு இழுப்பு, கை கால் ஒவ்வொன்றும் ஒரு இழுப்பு. இழுத்த விரலின் அகலம் அப்படியே இருக்கிறது. என் சுண்டுவிரலைப் பக்கத்தில், தொடாமல், பிடித்துப் பார்த்தேன். என் விரல் மெல்லிசு.

இங்கே யார் பேரும் இல்லை. செத்தவன், செய்தவன், கொடுத்தவன், யாரும் இல்லை. கூட வந்த பையன் "இது எந்த ராஜா கட்டினதுக்கா?" என்றான். ராஜாவுக்கெல்லாம் முந்தி என்றேன். அவனுக்கு அது அவ்வளவு நம்பும்படி இல்லை. பக்கத்திலேயே யாரோ ஆயில் பெயின்டில் இதயம் வரைந்து இரண்டு பெயர்களை எழுதியிருந்தார்கள். பேர் இருக்கிற ஒரே ஓவியம் அதுதான்.

கீழே மாமா, "எப்படி இருந்துச்சு?" என்றார். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "மூஞ்சி இல்லை" என்றார். "இல்லை மாமா." "குதிரைக்கு இருக்கு."

நான் பார்க்கவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு சின்னப் புள்ளி. கண்ணோ, கல்லில் பொரிந்ததோ.

சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்சுக்காக நின்றோம். நண்பர் வீட்டில் கொடுத்த நிப்பட்டு ஒரு பொட்டலம், வெற்றிலை ஒரு கவுளி. மாமா தூணோரம் சாய்ந்து வெற்றிலை போட்டார். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மிச்சச் சுண்ணாம்பைப் பின்பக்கம் பார்க்காமலே தூணில் இழுத்துவிட்டார். வீட்டில் செய்தால் அத்தை கத்துவார். நானும் கத்த வாய் எடுத்தேன்.

தூண் முழுக்க அதேதான். ஆள் உயரத்துக்குக் கீழே, மூணு பக்கமும், ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, குறுக்கே ஒன்று, காய்ந்ததன்மேல் புதுசு. விரலின் அகலம் அப்படியே. பையிலிருந்து குளம்படி பட்ட நோட்டை எடுத்துப் பிரித்தேன். தருமபுரி, தொப்பூர், சேலம் என்று கத்திக்கொண்டு பஸ் வந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அப்புறம் வரையலாம், ஜன்னல் சீட்டு போயிரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் விரலில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது, அது என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.